தேரை நிறுத்துவது யார்?

1

முப்பதடி உயரம், நான்கு மரச் சக்கரம், முன்னால் இரண்டு வடம். இப்படி ஒன்றை நம்மூர்ச் சின்னப் பிள்ளையிடம் காட்டினால் "தேரு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். நான் குடியிருக்கும் நெதர்லாந்துத் துறைமுக ஊரில், அது கட்டடமா, வண்டியா, கலைப்பொருளா என்று தீர்மானிக்கவே ஒரு குளிர்காலம் முழுவதும் போயிற்று.

போன வருடம் ஆனி மாதத்தில்தான் அந்தத் தேர் இங்கே ஓடியது. சரியாக ஒரு வருடம் கழித்து, இன்று காலை, அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து அக்கா கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்துக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். செய்தி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன், பொறுங்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. கட்டடக்கலை படித்தேன். துறைமுக வேலையில் இருந்த மணப்பாட்டுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, மகளையும் பெற்று, வேர் விட்டாயிற்று. கண்காட்சிகளுக்கு மேடை, சுவர், கோபுரம் கட்டிக்கொடுப்பது என் தொழில். ஓவியர்களும் சிற்பிகளும் வானத்தைக் கேட்பார்கள். நகராட்சி கூரையைக் காட்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இங்கே துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய கோகோ கிடங்கை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். உள்ளே கத்தினால் நம் குரலே திரும்பி வந்து பயமுறுத்தும், அவ்வளவு பெரிய கூடம். 'ஊர் கூடிச் செய்யும் ஒரு காரியம்' என்ற பொருளில் கண்காட்சி வைக்கப்போவதாகவும், யார் வேண்டுமானாலும் யோசனை அனுப்பலாம் என்றும் அறிவித்தார்கள். இத்தனை காலம் அடுத்தவர் யோசனைக்குத்தானே ஆணி அடித்தோம், இந்தத் தடவை நாமே கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு தேரை வரைந்து அனுப்பினேன். சாமி கிடையாது, சிற்பம் கிடையாது. வெறும் மரச்சட்டம், அடுக்கு மேல் அடுக்காக. சனிக்கிழமைதோறும் பார்வையாளர்களே வடம் பிடித்து, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துச் செல்வார்கள். அவ்வளவுதான். தேர்வாகிவிட்டது.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன்.

"நம்ம சபையில தேரே கெடையாது. நீ கடலத் தாண்டிப் போயி தேரு கட்டுதியா? கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? ஐயரு கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

எங்கள் பக்கத்தில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் கேட்கவேயில்லை. அம்மாதான் ஞாயிற்றுக்கிழமை தானாகவே போய் அவரிடம் சொல்லி, "அது வெறும் மரந்தான் ஐயரே, உள்ளுக்க ஒண்ணும் கெடையாது" என்று விளக்கமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

2

முதலில் கட்டடப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் மிகவும் அன்பானவர். இத்தனை உயரத்துக்கு மேல் எது எழும்பினாலும் அது கட்டடம், ஆகவே அடித்தளத்தின் வரைபடம் வேண்டும் என்றார்.

"அடித்தளம் கிடையாது. சக்கரம்தான்."

"கட்டடத்துக்குச் சக்கரம் இருக்க முடியாதே?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

அவர் என்னை வாகனப் பிரிவுக்கு அனுப்பினார். எஞ்சின் இல்லை, சாலையில் ஓடாது, ஆகவே எங்களுக்கு இதில் வேலை இல்லை என்று அங்கே கையை விரித்தார்கள். விரித்த கையோடு, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். அடுத்தது காப்பீட்டுக்காரர்கள். பார்வையாளர் தொடக்கூடாது என்றால் கலைப்பொருள், ஏறினால் விளையாட்டுச் சாதனம் என்று ஓர் இளைஞன் சரளமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். "இழுத்தால்?" என்று கேட்டேன். அவன் கணினியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இழுப்பது பற்றி இதில் இல்லை" என்று சொன்னான். பாவம், வாடிப்போய்விட்டான்.

நம்மூரில் அரசு அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு இதெல்லாம் தூசு. அங்கே 'நாளைக்கு வாங்க' என்பார்கள். இங்கே 'உங்களுக்கு உதவ எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா' என்பார்கள். வீட்டுக்குப் போகும் தூரம் ஒன்றுதான்.

என் டச்சு மொழியும் தன் பங்குக்கு விளையாடும். இந்த மொழியிலும் 'நீ', 'நீங்கள்' உண்டு. நான் நெல்லைக்காரி, பேருந்து ஓட்டுநரிலிருந்து பால் விற்கும் பையன் வரைக்கும் எல்லோரையும் 'நீங்கள்' போட்டுத்தான் பேசுவேன். இங்கே அப்படிப் பேசினால் 'எனக்கு அவ்வளவு வயதாகிவிட்டதா' என்று முகம் சுளிப்பார்கள். சரி, மாற்றிக்கொள்வோம் என்று ஒருநாள் எங்கள் மேயரை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். கூடவந்த என் மகள் ரூத் ஒரு வாரம் என்னோடு வெளியே வரவில்லை.

திறப்பு விழாக்களில் கையில் கோப்பையை வைத்துக்கொண்டு 'விதிகள் கலையைக் கொல்கின்றன' என்று பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. எனக்குத் தெரிந்த சிற்பி ஒருவர் ஒரு கப்பலைத் தலைகீழாகக் கூரையில் தொங்கவிட ஆசைப்பட்டார். எடை அதிகம் என்றார்கள், கப்பல் படகாயிற்று. சங்கிலிக்குச் சான்றிதழ் இல்லை என்றார்கள், படகு தரைக்கு வந்தது. தரையில் வைத்தால் அவசர வழியை மறைக்கிறது என்றார்கள். கடைசியில் கப்பலின் புகைப்படத்தைச் சுவரில் மாட்டினார்கள். அந்தச் சுவரைக் கட்டிக்கொடுத்தது நான்தான். அந்த மனிதர் திறப்பு விழாவுக்கே வரவில்லை.

என் தேருக்கு அந்தக் கதி வரவிடமாட்டேன் என்று எனக்குள் கறுவிக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தச் சட்டப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எனக்குத் தெரியாதா?

3

எல்லாப் பிரிவுகளும் கைகழுவியபின் கோப்பு பாதுகாப்பு அதிகாரியிடம் போனது. பெயர் ஹென்க். நல்ல உயரம், சைக்கிளில் வருவார், மதியம் பன்னிரண்டு அடித்தால் எங்கே இருக்கிறாரோ அங்கேயே உட்கார்ந்து பையிலிருந்து ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்துச் சாப்பிடுவார். தேர் பாதி எழும்பியிருந்த பட்டறைக்கு வந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். மரத்துக்குத் தீ பிடிக்காத பூச்சு, உண்டு. ஒவ்வொரு அடுக்கின் எடை, உண்டு. கவிழாது என்பதற்குக் கணக்கு, உண்டு. கூட்டம் வெளியேற வழி, உண்டு. நான் ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட நீட்ட அவர் முகமே மலர்ந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

ரொட்டியைத் தின்று முடித்துக் கையைத் தட்டிக்கொண்டே கேட்டார். "மக்கள் இழுத்துக்கொண்டு போகும்போது இதை எப்படி நிறுத்துவீர்கள்?"

"ஆட்கள் நிறுத்துவார்கள்."

"எதைக்கொண்டு?"

"கட்டை போட்டு."

"வரைபடத்தில் எங்கே இருக்கிறது?"

குனிந்து பார்த்தேன். தாளைப் புரட்டினேன். இல்லை. எந்தத் தாளிலும் இல்லை. அச்சாணியின் தடிமன் வரைக்கும் வரைந்தவள், இவ்வளவு பெரிய தேரை நிறுத்தும் வழியை வரையவே இல்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது. அது தேரில் சேர்ந்தது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

நெல்லைக்காரர்களுக்கு இது உடனே விளங்கும். திருநெல்வேலி டவுணில் ஆனித் தேரோட்டம் அன்றைக்கு நாங்கள் பள்ளித் தோழிகள் கூட்டமாகப் பேருந்து ஏறிப் போவோம். அப்பா "பாத்துட்டு வாங்க, உள்ள நுழையாதிய" என்று சொல்லி அனுப்புவார். ரத வீதியில் தேர் அசைந்து வரும். சக்கரத்துக்கு முன்னால் ஆட்கள் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, கையில் சறுக்குக்கட்டை வைத்திருப்பார்கள். சரிவாகச் செதுக்கிய கனத்த கட்டை அது. சக்கரத்துக்கு நேராகப் போட்டால் தேர் அதில் ஏறி வேகம் தணிந்து நின்றுவிடும்; சாய்த்துப் போட்டால் சறுக்கித் திரும்பும். தேருக்கு அதுதான் பிரேக், அதுதான் ஸ்டீயரிங். ஆனால் அந்தக் கட்டை தேரோடு இருப்பதில்லை, ஆளோடு வரும், ஆளோடு போகும். தேரை வரையச் சொன்னால் நம்மூரில் யாரும் கட்டையை வரையமாட்டார்கள்.

தேர் சமயத்தில் நடக்கும் பொருட்காட்சியிலும் இதே கதைதான். ராட்சத ராட்டினத்தை நிறுத்த ஓர் அண்ணாச்சி பலகை ஒன்றைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்பார். அவர் பீடி பற்றவைக்கும்போது நாங்கள் மேலே தொங்கிக்கொண்டிருப்போம். பயந்திருக்கிறோமா? கிடையாது. அதான் ஆள் நிற்கிறாரே!

ஹென்க்குக்கு இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பில் எழுதினார்: தேர் நிற்கலாம், நகரக்கூடாது, சுற்றிலும் வேலி போடவேண்டும், யாரும் தொடக்கூடாது.

4

அருங்காட்சியக இயக்குநர் நல்ல பெண்மணி. சண்டையைக் கண்டால் மட்டும் காத தூரம் ஓடுவார். "பரவாயில்லை, தேர் நின்றபடியே அழகாக இருக்கிறது. பின்சுவரில் உங்கள் ஊர்த் தேர் ஓடும் காணொளியைப் போடுவோம்" என்றார். எனக்குக் கப்பலின் புகைப்படம் ஞாபகம் வந்துவிட்டது. ஓடாத தேரின் பக்கத்தில் என் பெயரை எழுதினால் நானே வந்து அழித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சரியான தீர்வு கொண்டுவர ஒரு மாதம் தவணை தந்தார். அதற்குள் முடியாவிட்டால் வேலியும் காணொளியும்தான்.

வீட்டில் ரூத் கேட்டாள். "மோட்டார் வச்சிரலாமே? ஒரு பட்டன். அமுக்குனா ஓடும், விட்டா நிக்கும்." என் மகள் பேசுவது அச்சு அசலான பாளையங்கோட்டைத் தமிழ், என்னிடம் மட்டுமே கேட்டு வளர்ந்ததால். ஆனால் பேசும் விஷயம் முழுக்க இந்த ஊர்.

"பட்டன அமுக்குனா அது லிஃப்ட்டு. தேரு கிடையாது" என்றேன்.

"ஒன் தேருன்னா நீயே இழுத்துக்கோ, போ" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். விடுமுறைக்குப் பாளைக்கு வா என்று கூப்பிட்டபோதும் கடையில் வேலை இருக்கிறது என்று இப்படித்தான் மாடி ஏறினாள். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. பிறகு இறங்கி வந்து தேநீர் போட்டுக் கொடுத்தாள், அதையும் சொல்லவேண்டும்.

அப்புறம் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா எமிலி பொதுப்பணித் துறையில் பொறியாளர். இப்போதெல்லாம் நம்மூரில் தேர் ஓட வேண்டுமென்றால் பொறியாளர் பார்த்துத் தகுதிச் சான்று தரவேண்டும் அல்லவா? தாமிரபரணிக் கரையில் அவள் பொறுப்பில் உள்ள ஓர் ஊரின் தேருக்கு அவள்தான் கையெழுத்து. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுத்தியலோடு தேருக்கு அடியில் மல்லாந்து படுத்து அச்சைத் தட்டிப் பார்க்கிறவள். ஹென்க்கைப் பற்றி நான் பொரிந்து தள்ளியதை முழுதும் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"அவன் கேட்டதுல என்னட்டி தப்பு? நானா இருந்தாலும் அதத்தான் மொதல்ல கேப்பேன்."

"அக்கா, நீ என் பக்கம் பேசுதியா, அவன் பக்கம் பேசுதியா?"

"தேருக்கு முன்னால நிக்கவன் பக்கம் பேசுதேன். வடம் பிடிக்கவனுக்கு முதுகுக்குப் பின்னால என்ன வருதுன்னு தெரியுமா? தெரியாது. அவன் காலுக்கு யாரு ஜவாப்பு?"

அதற்கு முந்தைய திருவிழாவில் அச்சில் கீறல் கண்டு கையெழுத்துப் போட மறுத்திருக்கிறாள். இதுவரை என்னிடம்கூட அதைச் சொன்னதில்லை. ஊரே திரண்டுவிட்டதாம். தேர்க் கமிட்டித் தலைவர் பாத்திரக்கடை அண்ணாச்சி வந்து, "மேடம், நாள் குறிச்சு, ஊரு கூடி நிக்கு. இப்பப் போயி கீறலு கோறலுங்கியளே?" என்று தலையில் கைவைத்திருக்கிறார். கூட்டத்தில் எவனோ ஒருவன், "வேதக்காரப் பொம்பளைக்குத் தேரப் பத்தி என்ன தெரியும்?" என்று கத்தியிருக்கிறான். அக்கா நகரவில்லை. அச்சு மாற்றிய பிறகு, மறுநாள்தான் தேர் புறப்பட்டது. அண்ணாச்சி கழற்றிய அச்சைத் தன் கடைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் அந்தக் கீறலைக் காட்டியிருக்கிறார். சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் வந்ததாம்.

"தின்னியா?"

"தின்னேன். அம்மாட்ட சொல்லிராத."

அம்மா பத்திரிகை படிப்பதில்லை, ஆகவே தைரியமாக எழுதுகிறேன்.

ஃபோனை வைப்பதற்கு முன் அக்கா சொன்னாள். "நாங்க சான்று குடுக்கும்போது கட்ட போடுத ஆளுகளையும் கூப்புட்டு நிறுத்தி, எந்தச் சக்கரத்துக்கு எவன்னு கேட்டுத்தான் குடுப்போம். அன்னைக்குக் குடிச்சிருக்கக் கூடாது. பிரேக்குன்னா இரும்புலதான் இருக்கணும்னு ஒன் சட்டத்துல போட்டிருக்கா என்ன? போயி அவன்கிட்ட கேளு."

5

கேட்டேன். ஹென்க் கேள்வியைக் குறித்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து அவரே சைக்கிளில் வந்தார். நிறுத்தும் சாதனத்தை மனிதர் இயக்கலாம், ஆனால் பழக்கப்பட்டவராக இருக்கவேண்டும், சக்கரத்துக்கு ஒருவர் பொறுப்பேற்கவேண்டும் என்று விதியைத் தேடிப் பிடித்திருந்தார். கூடவே அவர் பங்குக்கு ஒன்று சேர்த்தார். கட்டை போடுகிறவரின் கை சக்கரத்துக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குள் வரவே கூடாது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. கையால் போடுவதுதானே கட்டை! ஒரு மீட்டருக்கு அப்பால் நின்று எப்படிப் போடுவது? சண்டை போட்டேன். அவர் அசைவேனா என்று நின்றார். "முடியாது என்று நான் சொல்லவில்லை. கையை அப்புறப்படுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன்" என்றார். கோபத்தில் பட்டறைக்குப் போய், கட்டைக்குப் பின்னால் மண்வெட்டிக்குப் போடுவது போல நீளமாக ஒரு கைப்பிடி பூட்டினேன். போட்டுப் பார்த்தால், அட! குனிய வேண்டாம், இடுப்பு பிடிக்காது, நின்றபடியே சக்கரத்துக்கு அடியில் தள்ளலாம். இது ஏன் முன்பே எவருக்கும் தோன்றவில்லை என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

அடுத்த கேள்வி: பழக்கப்பட்டவர் யார்? அருங்காட்சியகக் காவலர்கள் நான்கு பேர் முன்வந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத் தலைமை ஏற்க ஓர் ஆள் வேண்டும். ஹென்க் என்னைப் பார்த்தார்.

"உங்கள் ஊரில் செய்திருக்கிறீர்களா?"

செய்வதா? நம்மூரில் பெண்கள் வடம் பிடிப்போம், அது சரி. சக்கரத்துப் பக்கம் எந்தப் பெண் போயிருக்கிறாள்? அதிலும் நான் வேதக்காரப் பெண், பார்த்துவிட்டு அல்வா வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவள். உள்ளதைச் சொன்னேன். ஆண் என்றோ பெண் என்றோ சட்டத்தில் இல்லை, என் முன்னால் நிறுத்திக் காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்.

தவணை முடியும்வரை பட்டறை முற்றத்தில் மணல் மூட்டை ஏற்றிய வண்டியை வைத்துப் பயின்றோம். அக்கா காணொளியில் அம்பாசமுத்திரத்திலிருந்து அதட்டுவாள். "பைய, பைய! சக்கரம் வரட்டும், நீ போயி முட்டாத! ஏட்டி, பின்னால பாத்து நட!" காவலர்களில் ஒருவருக்கு 'பைய' என்ற சொல் பிடித்துப்போய்விட்டது. இன்றும் அருங்காட்சியகத்தில் குழந்தைகள் ஓடினால் "பைய, பைய" என்கிறார்.

சோதனை நாளன்று அருங்காட்சியக ஊழியர்கள் எல்லோரும் வடம் பிடித்தார்கள். தேர் முதலில் நகரவே இல்லை. பிறகு மரம் ஒரு முனகல் முனகியது. முப்பதடி மரம் என் தலைக்கு மேல் லேசாக ஆடியபடி என்னை நோக்கி வந்தது. ரத வீதியின் ஓரத்தில் நின்று பார்த்தது வேறு. அது நம்மை நோக்கி வருவது வேறு. பின்பக்கமாக நடந்துகொண்டே கட்டையைத் தள்ளினேன். சக்கரம் ஏறியது, ஒரு முழம் ஏறி, யோசித்து, இறங்கி, நின்றது. கைப்பிடி வழியாக அந்தக் கனம் முழுவதும் என் உள்ளங்கைக்கு வந்தது. மறுபக்கச் சக்கரத்துக் காவலர் "பைய!" என்று கூச்சலிட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

ஹென்க் மறுபடியும் இழுக்கச் சொன்னார். மறுபடியும் நின்றது. கையெழுத்துப் போட்டார்.

அக்காவைக் கூப்பிட்டேன். தேர் ஓடியது என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. "நின்னுட்டுக்கா! நின்னுட்டு!"

"அப்படிச் சொல்லு!" என்றாள் அக்கா.

6

கண்காட்சி திறந்த சனிக்கிழமை. வடம் பிடிக்க வருகிறவர்கள் முன்கூட்டிப் பெயர் பதிய வேண்டும், கால் முழுக்க மூடிய காலணி போட்டிருக்க வேண்டும் என்பதும் ஹென்க் போட்ட நிபந்தனைதான். வாசலில் காலணி பார்க்கும் வேலை ரூத்துக்கு. தேருக்காக வரவில்லை, கடையைவிடக் கூலி அதிகம் என்பதால் வந்திருக்கிறேன் என்று எனக்கு முன்கூட்டியே தெளிவுபடுத்தியிருந்தாள்.

விடுமுறை நாள் உடையில் ஹென்க் மனைவியோடு வந்தார். வெயில் காலம், காலில் செருப்பு. ரூத் மறித்தாள்.

"இந்த நிபந்தனையை எழுதியதே நான்தான்" என்றார் ஹென்க்.

"அப்படியானால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்குமே" என்றாள் ரூத்.

நான் ஓடிப்போய்ச் சமாதானம் செய்வதற்குள் மனிதர் சிரித்துவிட்டார். மனைவியை அங்கேயே விட்டுவிட்டு சைக்கிளில் வீட்டுக்குப் போய், காலணி மாட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். அதுவரை தேர் காத்திருந்தது. வடத்தின் நடுவில் இடம் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையைப் போலத் திரும்பித் திரும்பித் தேரைப் பார்த்தார். கடைசி ஆள் உள்ளே போனதும் ரூத் வாசலைச் சாத்திவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்று வடத்தைப் பிடித்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பார்த்தால் விட்டுவிடுவாள் என்ற பயம்.

அந்தக் கோடை முழுக்க ஒரு சனிக்கிழமையும் தவறாமல் தேர் ஓடியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கண்காட்சி முடிந்து தேரைப் பிரித்தபோது இயக்குநர் சட்டங்களைப் பத்திரப்படுத்தினார். நான் கட்டை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் வைக்கிறோம். அதன் நீளக் கைப்பிடியில் தடுக்காதவர் வீட்டில் யாருமில்லை.

7

இன்று காலைச் செய்தி இதுதான்.

அக்கா பொறுப்பிலுள்ள ஊர்த் தேருக்குப் புதுச் சக்கரம் பூட்டியிருக்கிறார்கள். வெள்ளோட்டம் பார்க்கவேண்டும். சான்றுக்கு அக்கா இந்தத் தடவை புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: சறுக்குக்கட்டைக்கு நீளக் கைப்பிடி வேண்டும், கை சக்கரத்துப் பக்கம் போகக்கூடாது. கட்டை போடுகிறவர்கள் முறைத்திருக்கிறார்கள். எங்க அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கையால்தான் போடுகிறோம் என்று ஒரே இரைச்சல். பாத்திரக்கடை அண்ணாச்சி எல்லோரையும் அமர்த்திவிட்டு, அந்தக் கைப்பிடியை அக்காவிடம் நீட்டினாராம்.

"மேடம், சட்டம் நீங்க போட்டது. மொதக் கட்டையும் நீங்களே போட்டுக் காட்டிருங்க. நின்னுட்டுன்னா இவனுவ வாயத் தொறக்க மாட்டானுவ."

அவர் கேலியாகச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா என்று அக்காவுக்கு இன்னும் தெரியவில்லையாம். செருகிய சேலையோடு போய் முன் சக்கரத்துக்கு நேராக நின்றிருக்கிறாள். வேதக்காரப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்று கேட்ட அதே தெருவில். ஊர் வடம் பிடித்திருக்கிறது.

அழைப்பு வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முகத்தைக்கூடக் காட்டவில்லை. தேர்ச்சக்கரமும், தெருப் புழுதியும், இரண்டு சேலைகளின் கரையும்தான் திரையில் ஆடின. ஒன்று அக்காவுடையது, இன்னொன்று அம்மாவுடையது. அக்கா வீட்டுக்கு வந்திருந்த, தேர் பக்கமே போகாத அம்மா, மகள் கட்டை போடப்போகிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஆட்டோ பிடித்து வந்து தெருவோரத்தில் நின்றிருக்கிறாள்.

"ஏட்டி, நின்னுட்டு!" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "நான் போட்டேன், நின்னுட்டு!"

"நின்னுட்டா? நேரா போட்டியா, சாச்சுப் போட்டியா? ஏறி நின்னுச்சா?" நான் வாயில் நுரையோடு கத்தினேன். ரூத் மாடியிலிருந்து ஓடி வந்து, "பெரிம்ம போட்டாளா? காட்டு, காட்டு" என்று ஃபோனைப் பிடுங்கினாள்.

கடலின் இரண்டு கரையிலும் மாறி மாறி நின்னுட்டு, நின்னுட்டு என்று நாங்கள் கூவுவதை அம்மா கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு அக்காவின் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள்.

"சவத்து மூதிகளா, ரெண்டு பேரும் நின்னுட்டு நின்னுட்டுன்னுதான் சொல்லுதிய. ஏட்டி, ஒரு தேரு இங்கன ஓடியிருக்கு, அங்கன ஓடியிருக்கு. அதச் சொல்லுங்கட்டி மொதல்ல!"

அதான் சொல்லிவிட்டேன்.